பன்னிரண்டாவது போத்தல்

இராமர் செத்து மூன்று மாதம் ஆன பிறகுதான் யோகராஜின் வீட்டுக்கு வரத் தொடங்கினார். உயிரோடு இருந்த காலத்தில் எத்தனை தடவை கூப்பிட்டும் வந்ததில்லை. "சார் வீட்டு டைல்ஸுக்கு நம்ம பூட்ஸ் சரிப்படாதுங்க" என்று சொல்லிவிட்டு ஜிந்துப்பிட்டியிலுள்ள தன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். செத்த பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது.

முதல் நாள் காலையில் ஈரம் மட்டும் இருந்தது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடியின் நாலாம் மாடியில், லிஃப்டிலிருந்து யோகராஜின் கதவு வரைக்கும், ஓர் ஆள் நடந்து வந்து நின்ற அளவுக்கு ஈரம். இரண்டாம் நாள் பூட்ஸே வந்தது. முழங்கால் வரைக்கும் வரும் கறுப்பு றப்பர் பூட்ஸ், கால்வாய்ப் பாசியோடு. இடது குதிக்காலில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டிய ஒட்டு. கொழும்பு மாநகரத்தில் அப்படி ஒட்டிய பூட்ஸ் ஒரு சோடிதான். அதை இராமரின் மனைவி றஞ்சிதம் பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்ததையும், மாதம்பிட்டிச் சுடலையில் பெட்டியோடு எரிந்ததையும் யோகராஜ் கண்ணால் பார்த்திருந்தான்.

அவன் மனைவி றேணுகா பழைய பேப்பர் ஒன்றை எடுத்துப் பூட்ஸுக்குக் கீழே விரித்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட இராமர் வந்திட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை கால்மிதியிலயாவது நிக்கச் சொல்லுங்கோ."

"இராமர் செத்திட்டார், றேணுகா."

"ஓம், செத்த வீட்டுக்கு நானும்தானே வந்தனான். அதுக்காக நான் நாள் முழுக்க நிலம் துடைக்கோணுமே?"

பத்து மணியளவில் பூட்ஸ் இல்லை. பேப்பர் நனைந்து கிடந்தது. வீட்டுக்குள் கால்வாய் மணத்தது.

யோகராஜுக்கு அந்த வாரம் பேயைப் பற்றி யோசிக்க நேரமில்லை. நீர்வள நிறுவனம் ஒன்றில் தற்காலிக ஆய்வு உத்தியோகத்தன். பதவியை நிரந்தரமாக்க வேண்டுமென்றால், சர்வதேச ஆய்விதழ் ஒன்றுக்குத் தன் பெயர் முதலில் வரும் கட்டுரையை அனுப்பி, அந்த இதழ் கொடுக்கும் இலக்கத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கெடு, நிக்கினிப் போயாவுக்கு, அதாவது ஆகஸ்ட் பௌர்ணமிக்கு, முதல் நாள் வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி. ஏற்கெனவே இரண்டு தடவை கெடு நீடித்துக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது நீடிப்பு என்ற ஒன்று அந்த நிறுவனத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. இலக்கம் வராவிட்டால் வேலை போய்விடும்.

கட்டுரை தயார்தான். வெள்ளவத்தைக் கால்வாய்க்குள் கடல் எந்தெந்த நாளில் ஏறுகிறது என்பது விஷயம். ரயில் பாலத்தடியில் மாதத்துக்கு நாலு தரம், அமாவாசை, வளர்பிறைப் பாதி, பௌர்ணமி, தேய்பிறைப் பாதி என்று தண்ணீர் மொண்டு, அதன் உப்பைப் பார்ப்பது. ஒரு வருடம். அதில் யோகராஜ் உலகம் அறியாத ஒன்றைக் கண்டுபிடித்திருந்தான். எல்லா ஊர்களிலும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கும். வெள்ளவத்தையில் அமாவாசைக்கு மட்டும் பொங்குகிறது. பௌர்ணமிக்குப் பேசாமல் கிடக்கிறது. கட்டுரையின் தலைப்பே அதுதான்.

அந்தக் கண்டுபிடிப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பௌர்ணமி என்றால் போயா, போயா என்றால் லீவு என்பது இந்த நாட்டில் நர்சரிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டு நிதி கேட்டு ஆங்கிலத்தில் ஃபுல் மூன் என்று எழுதும்போது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் அது மறந்துபோகும். நிதியும் வந்து, வேலையும் தொடங்கி, முதல் பௌர்ணமியன்று ஆய்வுகூடம் பூட்டியிருந்தபோதுதான் யோகராஜுக்கு விஷயம் உறைத்தது. ஒரு வருடத்தில் பன்னிரண்டு பௌர்ணமி, பன்னிரண்டும் லீவு. அவன் கலங்கவில்லை. முந்திய பாதி நிலா நாளின் உப்பையும் பிந்திய பாதி நிலா நாளின் உப்பையும் கூட்டி, இரண்டால் பிரித்து, நடுவில் போட்டான். இடைவெளியை அப்படி நிரப்பலாம் என்று எழுதிய ஒருவரை மேற்கோளும் காட்டினான். பாதி நிலா நாட்களில் கடல் சோம்பிக் கிடக்கும். ஆகவே பௌர்ணமியும் சோம்பிக் கிடந்தது.

இதை எதிர்த்து ஒரே ஒருவர்தான் பேசினார். தண்ணீர் மொண்டு வரும் இராமர்.

இராமரின் நாக்கைப் பற்றி நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரியும். விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்து, ஆயிரத்துக்கு எத்தனை பங்கு உப்பு என்று மீட்டருக்கு முந்திச் சொல்லிவிடுவார். "இன்னைக்கு ஆறரைங்க சார். ரசத்துக்குக் கொஞ்சம் மேல." ஒரு தடவை மீட்டர் திருத்தி வந்தபோது, அதை எதை வைத்துச் சரிபார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. இராமரை நாக்கை நீட்டச் சொன்னார்கள். மீட்டரில் பிழை இருந்தது. திருப்பி அனுப்பினார்கள்.

முதல் பௌர்ணமியான பொசன் போயாவுக்கு மறுநாள் அந்த இராமர் ஒரு போத்தலோடு வந்து நின்றார்.

"நேத்து நானே போயி மொண்டுக்கிட்டு வந்தேங்க சார். கடல் நல்லா ஏறியிருக்கு. பதினாலு இருக்கும்."

"நேற்று லீவு, இராமர்."

"கடலுக்கு ஏதுங்க லீவு?"

"அதில்ல. கையெழுத்துப் புத்தகத்தில நேற்று உங்கட பேர் இல்லையே. இல்லாத ஆள் எடுத்த தண்ணியை நான் எப்பிடிக் கட்டுரையில போடுறது? ஊத்திவிடுங்கோ."

இராமர் போத்தலைப் பார்த்தார். பிறகு அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வருடத்தின் பன்னிரண்டாவது, கடைசிப் போயாவான வெசாக்கன்று முற்பகல் பதினொரு மணிக்கு, கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில், வெசாக் விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்த சனத்துக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழும்பவில்லை. லீவு நாளில் பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்கே கிளம்பினார் என்று யாருக்கும் விளங்கவில்லை. கைப்பையில் ஒரு போத்தல் இருந்தது. வெறும் போத்தல்.

யோகராஜ் செத்த வீட்டுக்குப் போனான். கட்டுரையின் கடைசியில் நன்றி கூறும் இடத்தில் ஒரு வரியும் எழுதினான். அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருந்தான்.

திங்கட்கிழமை காலை கட்டுரையை ஏற்றத் தொடங்கினான். ஆய்விதழின் இணையவாசல் கோயில் பிரகாரம் மாதிரி. ஒவ்வொரு வாசலிலும் நின்று கும்பிட்டுத்தான் அடுத்ததற்குப் போகலாம். சுருக்கம் ஒரு பெட்டியில், படங்கள் இன்னொன்றில், ஆசிரியருக்குக் கடிதம் வேறொன்றில். எல்லாம் முடிந்ததும் அது தானே அனைத்தையும் ஒன்றாகக் கட்டி ஒரு பிடிஎஃப் செய்து, பார்த்து ஒப்புதல் தரும்படி கேட்கும். யோகராஜ் திறந்து பார்த்தான். மூன்றாவது படத்தில் பௌர்ணமிக்குரிய பன்னிரண்டு தூண்களும் குட்டையாக இருக்க வேண்டும். பிடிஎஃபில் பதினொரு தூண்கள் பனைமரம் போல நின்றன. பன்னிரண்டாவது இடம் வெறுமையாக இருந்தது.

தன் கோப்பைத் திறந்தான். பன்னிரண்டும் குட்டை. திரும்ப ஏற்றினான். பதினொன்று நெட்டை. மூன்றாவது தடவையும் அப்படியே. நாலாவது தடவை, இரண்டு நிமிடத்தில் முடியும் வேலைக்கு இணையவாசல் நாற்பது நிமிடம் எடுத்தது. திரையில் சின்ன வட்டமொன்று சுற்றிக்கொண்டே இருந்தது, பஸ்ஸுக்கு நிற்கும் ஆள் போல.

கட்டுரையின் மற்ற ஆசிரியரான நப்லாவுக்கு, கல்கிசைக்கு, தொலைபேசி எடுத்தான். படங்களைக் கீறியவள் அவள்தான்.

"நப்லா, மூன்றாம் படத்தை மாத்தினீங்களா?"

"நான் ஏன் மாத்துற? ஆனா யோகராஜ், ஒண்டு செல்லட்டா? அந்தப் படம் எனக்கு முந்தியிருந்தே ஒரு மாதிரித்தான் ஈக்கி. கடலுக்கு நிலாவில பாதிதான் கண்ணுக்குத் தெரியுதா?"

"அதுதானே நம்மட கண்டுபிடிப்பு."

"கண்டுபிடிப்புத்தான். நம்ம ரெண்டு பேரும் வீட்டில படுத்திருந்து கண்டுபிடிச்சது."

யோகராஜ் கட்டுரையை அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். அச்சு இயந்திரம் ஒவ்வொரு தாளையும் லேசாக நனைத்துத்தான் வெளியே தள்ளியது. வந்து பார்த்தபோது ஆறாம் பக்கத்தில், பௌர்ணமி நாட்களில் கடல்நீர் உட்புகவில்லை என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "பூந்துச்சுங்க."

போத்தல்களில் இராமர் பென்சிலால்தான் எழுதுவார். மை தண்ணீரில் கரையும், பென்சில் கரையாது என்பார். யோகராஜ் அழிறப்பரால் அழித்தான். அழிந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினான். "அழிச்சாலும் பூந்துச்சுங்க" என்றிருந்தது. செத்தும் மனிதர் மரியாதையை விடவில்லை.

நாற்காலியின் குஷன் ஈரமாக இருந்தது. யோகராஜ் எழும்பி நின்றான். வெளியே பட்டப்பகல், காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்களின் இரைச்சல், கீழ்வீட்டுக் குக்கர் விசில். அத்தனைக்கும் நடுவில், கதவுக்கு அந்தப்புறம், பூட்ஸுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் அவனுக்குக் கேட்டது. கால் மாற்றிக் கால் மாற்றி யாரோ நிற்கிறார்.

"கதவைத் திறந்து கேளுங்கோவன்," என்றாள் றேணுகா, வெங்காயம் வெட்டியபடி. "மூன்று நாளா அந்த மனுசன் நிக்குது."

"என்னத்தைக் கேக்க?"

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கெண்டால் அவர் ஒண்டும் எழுதிவைக்கேல்ல."

யோகராஜ் கதவைத் திறந்தான். பூட்ஸ் இருந்தது. ஆள் இல்லை. பூட்ஸின் முனைகள் வீட்டைப் பார்க்காமல் லிஃப்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வா போவோம் என்பது போல.

செவ்வாய்க்கிழமை அவன் ஜிந்துப்பிட்டிக்குப் போனான்.

முருகன் கோயிலுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. றஞ்சிதம் கதவடியில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். ஒங்க வீட்டுக்குத்தான் வந்துட்டு இருக்காரா?" என்று கேட்டாள், ஏதோ வேலை மாற்றலாகிப் போனவரைப் பற்றிக் கேட்பது போல. "நானும் பாத்தேன், நாலஞ்சு நாளா இங்கிட்டு ஈரத்தையே காணோம்."

"இஞ்சயும் வந்தவரா?"

"பின்ன? வீட்டு ஆளுல்ல. வந்து சாமி தட்டுக் கிட்ட நிப்பாரு, போவாரு. உள்ள வாங்க."

சாமி தட்டில் முருகன் படத்துக்குக் கீழே பழைய சாராயப் போத்தல்கள் வரிசையாக நின்றன. வாய் எல்லாம் மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு. பொட்டுக்குக் கீழே பென்சில் எழுத்தில் ஒட்டிய தாள்: பொசன், எசல, நிக்கினி என்று போயாவின் பெயர், திகதி, நேரம், கடைசியில் ஓர் எண். யோகராஜ் எண்ணினான். வெசாக்குக்கு முந்திய பக் போயா வரைக்கும் பதினொன்று.

"இத நீங்க தூக்கிப் போடல்லையா?"

"தீர்த்தத்த யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா சார்?" றஞ்சிதம் பதறிப்போனாள். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடியக்காலமே குளிச்சிட்டு, கடல் ஏறுற நேரம் பாத்துப் போவாரு. மொண்டாந்து இங்கன வைப்பாரு. தொடாத, சார் ஒரு நாளு கேப்பாருன்னுவாரு. எந்தச் சார்னு நா கேக்கல. பெரியவரத்தான் சொல்றாரோன்னு," அவள் முருகனைக் காட்டினாள், "நெனச்சுக்கிட்டேன். பெட்டியில வச்சப்போ வாயில ஊத்தக்கூட இதுல ஒரு கரண்டிதான் எடுத்தேன். அந்தா, அந்த மொதப் போத்தல்ல."

யோகராஜ் பொசன் போத்தலை எடுத்துப் பார்த்தான். ஒரு கரண்டி அளவு குறைந்து, மெழுகு புதிதாக இருந்தது. பென்சிலில் பதினாலு என்று எழுதியிருந்தது. அவன் ஊற்றிவிடச் சொன்ன தண்ணீர்.

"அக்கா," என்றான். போத்தலைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தான். "கேக்கிறதுக்கு நான்தான் வந்திருக்கிறன்."

றஞ்சிதம் சாமி தட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு அரிசிப் பை ஒன்றைக் கொண்டுவந்து, போத்தலுக்குப் போத்தல் பழஞ்சேலைத் துண்டு சுற்றி அடுக்கினாள். "ஆட்டோக்காரன மெதுவாப் போகச் சொல்லுங்க. உள்ள அவரு ஒரு வருசம் இருக்காரு."

அன்று பின்னேரமே ஆய்வுகூடத்தில் பதினொன்றையும் மீட்டரில் வைத்தான். பத்துப் போத்தல்களில் மீட்டர் காட்டியதும் இராமர் பென்சிலில் எழுதியதும் ஒன்றாக இருந்தன. ஒன்றில் மட்டும் சிறு வித்தியாசம். யோகராஜ் மீட்டரைத் திருத்தக் கொடுத்தான்.

புதன்கிழமை முழுவதும் அவனும் நப்லாவும் கட்டுரையைத் திருப்பி எழுதினார்கள். தலைப்புப் போனது. கண்டுபிடிப்புப் போனது. மிஞ்சியது ஒன்றுதான்: வெள்ளவத்தைக் கடலும் மற்றக் கடல்கள் போல இரண்டு நிலாவுக்கும் பொங்குகிறது. பௌர்ணமி நாட்களின் மாதிரிகள் விடுமுறையில் எடுக்கப்பட்டவை, எடுத்தவர் பெயர் இராமர், வெசாக் நாளுக்கு மாதிரி இல்லை என்று எழுதி, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார்கள்.

"இத யார் போடப் போற?" என்றாள் நப்லா. "கடல் பொங்குது எண்டு கடற்கரையில கடலை விக்கிற ஆளே செல்லுவானே."

"போடாட்டிப் பரவாயில்ல. இலக்கம் தந்தால் போதும்."

"அவர்ட பேர?"

"எனக்கு அடுத்ததா. உங்களுக்கு முன்னால. பரவாயில்லையா?"

"என்ட பேர் கடைசியில இருந்தாலும் ராவைக்கு வந்து நிக்க மாட்டேன். போடுங்க."

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு எல்லாவற்றையும் ஏற்றினான். பிடிஎஃபில் பதினொரு தூண்கள், கோப்பிலும் பதினொன்று. இணையவாசல் கடைசியாக ஒரு விஷயம் சொன்னது: ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் போகும், எல்லோரும் அதில் அழுத்தித் தங்கள் சம்மதத்தை உறுதிப்படுத்திய பின்னரே இலக்கம் தரப்படும். இறந்தவருக்கென்று தனிப் பெட்டி எதுவும் அங்கே இல்லை.

இராமருக்கு மின்னஞ்சல் முகவரி இருந்தது. சுற்றறிக்கையெல்லாம் இனி மின்னஞ்சலில்தான் என்று நிறுவனம் சொன்ன வருடம் நப்லாதான் திறந்து கொடுத்தாள். கடவுச்சொல்லை அவர் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நேரே போய்க் கை கழுவினார். அன்றோடு அந்த முகவரி பூட்டியபடியே கிடந்தது. யோகராஜ் அதையே கொடுத்தான். வேறு எதைக் கொடுக்க?

நப்லா ஒரு நிமிடத்தில் அழுத்திவிட்டாள். திரையில் ஒரு வரி நின்றது: ஓர் ஆசிரியரின் உறுதிப்படுத்தலுக்காகக் காத்திருக்கிறோம்.

ஒரு மணி. வாசலில் பூட்ஸ் இல்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக நிலம் காய்ந்து கிடந்தது.

"நல்ல ஆளப்பா," என்றாள் றேணுகா. "வேண்டாம் எண்டேக்க வந்து நிண்டவர், வேணுமெண்டேக்க காணேல்ல. பிளேன்ரீ ஊத்தி வைக்கட்டோ?"

அவள் உண்மையாகவே ஒரு கோப்பை வெறுந்தேநீர் ஊற்றி, பக்கத்தில் சீனியும் வைத்து, கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

இரண்டு மணி. இரண்டரை. நிறுவனத்துக்கு ஆட்டோவில் அரை மணித்தியாலம். இராமரின் பெயருக்கு நேரே சின்னக் குப்பைத்தொட்டிப் படம் ஒன்று இருந்தது. அதை ஒருமுறை அழுத்தினால் பெயர் போய்விடும், இலக்கம் வந்துவிடும். மூன்று மணியானபோது யோகராஜின் விரல் அதன் மேல் இருந்தது. நன்றி வரியில் போட்டால் என்ன, செத்தவருக்கு எது என்று தெரியவா போகிறது என்று வாய்க்குள் சொல்லியும் பார்த்தான். புத்தகத்தில உங்கட பேர் இல்லையே என்று தான் ஒருநாள் சொன்னதும் அதே குரலில்தான் என்பது அப்போது அவனுக்குக் கேட்டது.

விரலை எடுத்தான். கணினியை மூடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். வேலை போனால் போகட்டும் என்று பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. சுவரில் மணியைப் பார்த்தான், அவ்வளவுதான்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வாசலில் கோப்பை சாசரில் உரசும் சத்தம் கேட்டது. திரையில் வரி மாறியது. மூன்று ஆசிரியர்களும் உறுதிப்படுத்திவிட்டார்கள். கீழே இலக்கம். அதற்கும் கீழே, ஆசிரியர் தெரிவிக்க விரும்பும் வேறு ஏதும் என்ற பெட்டியில் ஒரு வரி: "பன்னெண்டாவது போத்தல் வாசல்ல இருக்குங்க சார்."

கோப்பை காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு போத்தல், வாய் வரைக்கும் தண்ணீர், மெழுகு இன்னும் இளஞ்சூடு. பென்சிலில் எழுதியிருந்தது: வெசாக், பிற்பகல் இரண்டு பத்து, பதினைந்தரை. இராமர் கொட்டாஞ்சேனையில் உட்கார்ந்து மூன்று மணித்தியாலம் கழித்து மொண்ட தண்ணீர்.

யோகராஜ் படிவத்தோடு ஓடினான். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது படிவம் வாங்கும் லிகிதர் இலக்கத்தைப் பார்த்து முத்திரை குத்தினார். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அந்த நிறுவனத்தில் யாருமே கேட்டதில்லை. மூன்று வாரத்தில் ஆய்விதழ் பதில் போட்டது. தங்கள் கட்டுரை நேர்த்தியானது, ஆனால் புதிதாக எதையும் சொல்லவில்லை, வேறு இதழுக்கு அனுப்பிப் பார்க்கலாம். அதற்குள் வேலை நிரந்தரமாகியிருந்தது. அவர்கள் வேறு இதழுக்கு அனுப்பினார்கள், மூன்று பெயர்களோடும். அங்கேயும் உறுதிப்படுத்தல் கேட்டார்கள். றேணுகா கேட்காமலே தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

பன்னிரண்டாவது தூணை யோகராஜ் போடவில்லை. அந்தத் தண்ணீரை எடுத்தவர் அப்போது உயிரோடு இல்லை என்பதை முறைகள் என்ற பகுதியில் எந்த வசனத்தில் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

போத்தல் அவன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், தக்காளி சோஸுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மெழுகை உடைக்கவில்லை. இருந்தும் ஒவ்வொரு போயாவுக்கும் மெழுகு நெட்டித் தள்ளப்பட்டு, ஒரு விரற்கடை அளவு தண்ணீர் பொங்கிக் கதவுத் தட்டில் வழிகிறது. மறுநாள் பார்த்தால் மெழுகு மூடியபடி, தண்ணீர் பழைய அளவில் நிற்கிறது. துடைப்பது றேணுகாதான்.

"இது போயாவுக்கு மட்டுமோ?" என்று நப்லா ஒருநாள் கேட்டாள்.

"இல்ல," என்றாள் றேணுகா. "அமாவாசைக்கும் வழியுது."